மொட்டைமாடியில் ஓர் ஈரத்துணி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முதுகுவலி தேவலையா? நான் கொடுத்தனுப்பிய தைலத்தை அலமாரியில் அழகு பார்க்க வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். உன் மகளும் நன்றாகத்தான் இருக்கிறாள், வீடுதான் தாங்கவில்லை. வாலு என்று பெயர் வைத்துவிட்டு நீ நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டாய். அவஸ்தைப்படுகிறவள் நான்.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். உங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பது ஒரே போன். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பது எனக்கே கேட்கிறது. நமக்குக் கடிதம்தான் சரி.

நல்ல சேதி. பக்கத்துக் காலி மனையில் நமக்குப் புதுக் கட்டிடம் கட்டித்தர நகரசபை தீர்மானம் போட்டுவிட்டது. நாம் அங்கே குடிபோன பிறகு இந்தப் பழசை இடிப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை கூடுதல். வாலு இனிமேல் சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். தன் அறைக்கு என்ன நிறம் அடிக்க வேண்டும் என்று இப்போதே என்னோடு சண்டை போடுகிறாள். தாயில்லாத பிள்ளைக்கு ஓர் அறையாவது சொந்தமாக அமையட்டுமே என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல், எதிரே இருக்கும் குப்பை எரிக்கிற ஆலை. கவுன்சிலர் மாடிப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "இங்க காத்து சுத்தமா இருக்குன்னு ஏப்ரல் பாதி வரைக்கும் மெஷின் காட்டணும். காட்டினாதான் வீடு கட்ட அனுமதி. இல்லேன்னா குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு எழுதிடுவாங்க. அப்புறம் எல்லாரையும் பைபாஸ் பக்கம் தகர ஷெட்டுக்கு மாத்திடுவாங்க. என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

காற்றை அளக்கிற அந்த மெஷினை நம் மொட்டைமாடியில் கொண்டுவந்து மாட்டியும் விட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தானே செயலாளர், அதனால் மாடிச் சாவி என்னிடம். காற்று சுத்தமாம்! ஜன்னல் விளிம்பைத் தொட்டால் விரல் கறுப்பாகிறது. ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் வெள்ளைப் போர்வை வெளுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கொடியில் என் புடவை சாம்பல் பூத்துத் தொங்குகிறது.

நீ இந்த மாதிரி மெஷின்களோடுதானே மாரடிக்கிறாய். அது எப்படி மூச்சு விடுகிறது என்று அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
அக்கா

(கீழே உன் மகள் எழுதுகிறாள்: அப்பா, ரூமுக்கு மஞ்சள் கலர். அத்தை வேண்டாம் என்கிறாள். நீ சொல்லு.)


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

தைலம் தீர்ந்துவிட்டது, அலமாரியில் இல்லை. முதுகு பரவாயில்லை. உனக்கும் வாலுவுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். மஞ்சளே அடிக்கட்டும், விடு.

சேதி கேட்டு உண்மையிலேயே சந்தோஷம். நான் இந்த சிமெண்ட் ஆலையில் தூசியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஓர் அர்த்தம் வந்தது போல இருக்கிறது.

மெஷினைப் பற்றிக் கேட்டாய். உனக்கு எப்போது விஞ்ஞானத்தில் அக்கறை வந்தது? சரி, சொல்கிறேன். மேலே குடை மாதிரி ஒரு மூடி, அதன் கீழே வாய் இருக்கும். உள்ளே ஒரு பம்பு காற்றை இழுக்கும். தூசி ஒரு காகிதத்தில் படியும், எவ்வளவு படிந்தது என்று அதுவே எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான்.

வாயருகே ஈரம் மட்டும் படவே கூடாது. இங்கே ஒரு தடவை துடைக்கப் போட்ட ஈரத்துணியை ஒருவன் அதன் மேலேயே மறந்துவிட்டான். தூசியெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருமிக்கொண்டு நிற்கிறோம், மெஷின் மலைக்காற்று அடிக்கிறது என்று காட்டுகிறது. பெரிய சிரிப்பு. துணி கனமாக இருந்ததால் கடைசியில் மூச்சு முட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதனால்தான் கண்டுபிடித்தோம்.

காற்றுத் தூசியை அளப்பதற்கு எனக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இனிமேல் அளவுகளுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். உன் தம்பி பெரிய மனுஷனாகிவிட்டான், இனிமேல் கொஞ்சம் மரியாதையாக எழுது.

உன்,
தம்பி


பிப்ரவரி 17

மரியாதைக்குரிய தம்பி அவர்களுக்கு,

போதுமா? உன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டு. முதுகைக் கவனி. இங்கே எல்லோரும் சுகம். வாலுவுக்கு லேசாக ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

உன் புண்ணியத்தில் நம் கட்டிடமே சிரிக்கிறது. விஷயத்தைக் கேள். முதல் மாதக் கணக்கைப் பார்த்த கவுன்சிலர் முகத்தைச் சுளித்தாராம். "இப்படியே போனா ஷெட்டுதான்" என்று சொல்லியனுப்பினார். அன்றைக்குப் படியில் உட்கார்ந்து நம் கட்டிடத்துத் தையல்காரி அழுதாள். அவள் தையல் மெஷினைத் தகர ஷெட்டில் எங்கே போடுவாள்? எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது.

ஒரு பழைய துணியை நனைத்து, பிழிந்து, அந்தக் குடைக்குக் கீழே சுற்றிவிட்டேன். மறுநாளே நம் காற்று மலைக்காற்று! அளவு எடுக்க வருகிறவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். அதற்குமுன் அவிழ்த்துவிடுவோம். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்திருக்கிறோம். சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது, முறைக்காரர் எடுத்துக்கொண்டு போய் நனைத்துக் கட்டிவிட்டு வருவார். நேற்று கணக்கு வாத்தியார் முறை. மனுஷர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போகிற மாதிரி மாடி ஏறினார். மெஷினுக்கு முக்காடு போட்டுக் கல்யாணம் பண்ணப் போகிறோமா என்று வாலு கேட்கிறாள்.

தப்புத்தான். யார் வீட்டுச் சொத்தையும் திருடவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒருமுறை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, ஓடிப்போய்த் துணியை அவிழ்த்தேன். அதற்கு என்ன செய்வது?

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஈரத்துணி கட்டி நகரசபையையே ஏமாற்றுகிறாயே, நீ சலவைப் பிரிவில் இருக்க வேண்டியவளே அல்ல.

இதெல்லாம் நான் சொல்லக் கூடாது. இருந்தாலும், மாட்டிக்கொள்ளாதே என்பதற்காகச் சொல்கிறேன். கனத்த துணி வேண்டாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற மெல்லிய துணி இருக்குமே, அது ஒற்றை மடிப்பு போதும். சொட்டாத அளவுக்குப் பிழி. இறுக்கிக் கட்டாமல் கீழே விரல் நுழைகிற இடைவெளி விடு. மூச்சு முட்டாது, விளக்கும் எரியாது. பதிவிலும் ஒன்றும் ஏறாது. வீடு கைக்கு வந்ததும் துணியைத் தூக்கிப் போட்டுவிடு.

வாலு ஏன் இந்தத் தடவை கீழே ஒரு வரிகூட எழுதவில்லை? மஞ்சள் அடிக்கலாம் என்று சொன்னதற்கு நன்றிகூட இல்லையா?

தம்பி


ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். உன் உடம்பு எப்படி? வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்.

கணக்கு முடிந்தது. நாம் ஜெயித்துவிட்டோம். காற்றில் தூசி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. மெஷினையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நகரசபை இன்ஜினீயர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்தக் கட்டிடத்து ஜனங்க ரொம்ப ஒத்துழைச்சாங்க" என்றார். தையல்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வாலுவுக்குப் பரீட்சை நேரம், அதனால்தான் எழுதவில்லை. பாயை இப்போது உள் அறையில் என் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது, அதனால் வசதி. நீ அனுப்பிய கவுன் அவளுக்கு இப்போது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. வளர்கிற பிள்ளை, நாளைக்குச் சரியாகிவிடும்.

வேறென்ன? நீ கவலையில்லாமல் இரு.

அக்கா


மே 14

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு இப்போது மனசு வரவில்லை.

நம் கட்டிடத்தில் கீழ்வீட்டில் குடியிருந்த எலக்ட்ரீஷியன் போன வாரம் இங்கே வேலையில் சேர்ந்தான். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பாப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாளாண்ணே?" எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பாப்பா என்று கேட்டேன். அவன் பேச்சை மாற்றப் பார்த்தான். நான் விடவில்லை.

மார்ச்சிலிருந்து இரண்டு தடவை சேர்த்தாயாம். மூக்கில் குழாய் வைத்திருந்தார்களாம். பரீட்சையே எழுதவில்லையாம். நீ எனக்கு என்ன எழுதினாய்? தொளதொளவென்று இருக்கிறது என்று எழுதினாய்!

அவள் என் குழந்தை அக்கா. எனக்கு இருக்கிற ஒரே உயிர். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது. நான் லீவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி


மே 29

அன்புத் தம்பிக்கு,

நீ திட்டியது சரி. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கலாம். இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு வாயும் அடிக்கிறாள். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதியைப் பேச முடிகிறது.

முதலில் ஜலதோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வார்டு டாக்டர் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "வீடு எங்கம்மா? அந்த ஆலை பக்கமா? ஏன் யாரும் புகார் பண்ணல?" புகார் பண்ணினால் வீடு போய்விடும் என்று சங்கத்தில் எல்லோருடைய வாயையும் கட்டினவளே நான்தான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து, நேராக மாடி ஏறித் துணி நனைத்துக் கட்டியிருக்கிறேன். ஏப்ரல் பாதிவரை பொறுத்தால் போதும், புது வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன். புது வீடும் அதே புகையில்தான் நிற்கும் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? அறை, அறை என்று அதிலேயே புத்தி நின்றுவிட்டது. உனக்கு எழுதினால் நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்கிற பயமும் இருந்தது. அதுதான் உண்மை.

இன்னொன்றும் கேள். அந்த வீடும் இல்லை. நம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நகரசபை புதுத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது. ஆலையால் காற்று கெடவே இல்லையாம், நம் மாடி மெஷினே சாட்சியாம். அதனால் குப்பை எரிக்க இரண்டாவது உலை வைக்கிறார்களாம், அதுவும் நமக்கு வீடு வர வேண்டிய அந்தக் காலி மனையில். காற்று இவ்வளவு நன்றாக இருக்கும்போது பழைய கட்டிடத்துக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள். வெள்ளையடித்து, லிஃப்டைப் பழுது பார்த்துத் தருவார்களாம். நம் கையாலேயே நமக்குச் செய்துகொண்டோம்.

வா. வந்து பிள்ளையைப் பார். நீ எடுக்கிற முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வாலுவுக்கு ரயிலில் மூச்சுத் திணறல் இல்லை. கேம்ப்பை விட்டுத் தள்ளி, டவுனில் வீடு பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாகிவிட்டது. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஸ்டேஷனில் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

இங்கே பெரிய டாக்டரிடம் காட்டினேன். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாது என்றார். மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் மாதிரி இவள் ஓட முடியாது. வெளியே வந்ததும் அவள் என்னிடம், "ஓடாட்டி என்னப்பா, நான் நடந்து ஜெயிப்பேன்" என்றாள்.

நீ செய்தது சின்னக் காரியம் இல்லை அக்கா. ஓர் அளவைப் பொய்யாக்குவது என்றால் எத்தனை உயிர் அதில் இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். இரண்டாவது உலை வந்தால் அங்கே இன்னும் எத்தனை குழந்தைகள்? ஆகஸ்ட் கடைசியில் ஆட்சேபணைக் கூட்டம் என்று சொன்னாயே, அதில் நீ எழுந்து நின்று உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. பயப்படாதே. உண்மை பேசுகிறவளுக்கு என்ன பயம்?

தம்பி


ஜூலை 22

அன்புத் தம்பிக்கு,

உன் முதுகு, சாப்பாடு எல்லாம் எப்படி? பிள்ளைக்கு வேளாவேளைக்கு மருந்து கொடு. எவ்வளவு கசந்தாலும் முழுங்கிவிடுவாள், முழுங்கிய பிறகு ஒரு கதை கேட்பாள். சொல்லாமல் ஏமாற்றாதே, கண்டுபிடித்துவிடுவாள்.

'நீ செய்தது' என்று எழுதியிருக்கிறாய். சரி.

கூட்டத்தில் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே யாருக்கும் அது பிடிக்கவில்லை. "லிஃப்டாவது கிடைக்கட்டுமே, ஏன் கெடுக்கறீங்க?" என்று தையல்காரி கேட்கிறாள். வாத்தியார் என்னைக் கண்டால் படி மாறிப் போகிறார். போகட்டும், நான் மட்டும் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நான் போய் ஈரத்துணி கட்டினோம் என்றால் அங்கே உட்கார்ந்திருக்கிற இன்ஜினீயர்கள் சிரிப்பார்கள். ஏன் தூசி ஏறவில்லை, ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்டால் அவர்கள் பாஷையில் சொல்ல எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சான்றிதழ் இருக்கிற ஆள் ஒருவர் எழுந்து, இப்படிக் கட்டினால் அளவு பொய்யாகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் தட்ட முடியாது. ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ தம்பி. எனக்காகக் கேட்கவில்லை. தையல்காரி மகளுக்கு இப்போது கைக்குழந்தை. அதுவும் இருமுகிறது.

வருவாய்தானே?

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாலு தேவலை. நீ சொன்னபடி கதை சொல்கிறேன், ஒரு கதையைத் திரும்பச் சொன்னால் பிடித்துவிடுகிறாள்.

வருவது பற்றி. ஜூன் லீவுக்கே மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், இந்த நேரத்தில் லீவு கேட்க முடியாது. அதைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் நான் அங்கே வந்து நின்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். சான்றிதழ் வாங்கினவன் மெஷினை ஏமாற்றும் வழியை வீட்டுக்கு எழுதி அனுப்பினான் என்று வெளியே வந்தால் என் கையெழுத்து அத்தோடு செல்லாது. வேலை போய்விடும். வாலுவின் மருந்து இந்த வேலையில்தான் வருகிறது. நான் கோழை என்று நீ நினைக்கலாம். பிள்ளை முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ தாராளமாகப் பேசு. நீ பேசினால் போதும். என் பெயர் மட்டும் எங்கேயும் வர வேண்டாம். யாராவது கேட்டால், எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடு. நான் முன்பு விளையாட்டாக எழுதிய அந்த இரண்டு கடிதங்களும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

உன்,
தம்பி


செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். சூப்பர்வைசர் ஆனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். என் எழுத்து கோணலாக இருந்தால் பொருட்படுத்தாதே. இருமும்போது பேனா இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நகரசபை ஹாலில் மேடை மேல் சேர்மன், பக்கத்தில் நம் கவுன்சிலர், அந்தக் கை குலுக்கிய இன்ஜினீயர், ஆலைக்காரர்கள் கூட்டிவந்த ஒரு நிபுணர். கீழே நம் கட்டிடத்து ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: "அந்தக் கணக்கு பொய்ங்க. நாங்கதான் மெஷின் வாயில ஈரத்துணி கட்டினோம். வீடு கிடைக்கணும்னு கட்டினோம். எங்க வீட்டுக் குழந்தைக்கு நுரையீரல் போச்சு. இன்னொரு உலை வைக்காதீங்க."

சேர்மன் கேட்டார்: "கட்டினோம்னா யார் யாரும்மா? இங்க இருக்கறவங்களா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரே எல்லோரையும் பார்த்து, "வேற யாராவது இதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஒருவர்கூட எழவில்லை. தையல்காரி பேரக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கப் பழக்கினவள் நான்தானே.

பிறகு அந்த நிபுணர் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறேன் என்றேன். "ஈரத்துணி கட்டினா மெஷினுக்குக் காத்து போகாது. சிவப்பு லைட் எரிஞ்சு பதிவாகும். பிப்ரவரியில ஒரே ஒரு தரம் எரிஞ்சிருக்கு. அப்புறம் ஏப்ரல் வரைக்கும் ஒரு தரம்கூட இல்லையே. எப்படிம்மா?"

சொன்னேன். மெல்லிய துணி, ஒற்றை மடிப்பு, சொட்டாமல் பிழிந்து, விரல் நுழைய இடைவெளி விட்டுக் கட்டினோம் என்று நீ எழுதியதை வரி தப்பாமல் சொன்னேன்.

அவர் முகம் மாறியது தம்பி. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "இது மெஷின்ல வேலை பார்க்கற ஆளுக்குத்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஆளைக் கூப்பிடுங்க. அவர் வந்து சொன்னா இந்தக் கணக்கை ரத்து பண்ணிட்டு மறுபடி அளக்கணும்னு நானே எழுதித் தர்றேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கவுன்சிலர் எழுந்துவிட்டார். ஒரு பெயர் சொன்னால் போதும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"யாரும் சொல்லலீங்க. துணி துவைக்கிறவளுக்குத் துணியைப் பத்தித் தெரியாதா?" என்றேன்.

ஹாலே சிரித்தது. சேர்மனும் சிரித்தார். நிபுணர் காகிதங்களை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டார். ஆதாரமில்லாத ஆட்சேபணை, தள்ளுபடி என்று வாசித்தார்கள். அத்தோடு தீர்மானம் நிறைவேறியது. காலி மனையில் நேற்று கம்பி வேலி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் கடிதங்கள் இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன், பயப்படாதே. எனக்கு உன் மேல் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் உன் வேலை போனால் பிள்ளைக்கு மருந்து ஏது என்று நீ எழுதியதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தட்டாதே. லீவுக்கு அவளை இந்தப் புகைக்குள் அனுப்பாதே. அடம்பிடிப்பாள், அழுவாள், அப்போதும் அனுப்பாதே. நானும் அங்கே வரவில்லை. வந்தால் திரும்பி வர மனசு வராது, இங்கே என் வேலையும் வீடும் அப்படியே கிடக்கின்றன. ஏன் அத்தை கூப்பிடவே இல்லை என்று கேட்டால், அத்தைக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

அக்கா